மலைக்குப் புதுப்பெயர் வைக்கவில்லை: வெல்ஷ் சொற்கள் எங்கிருந்து வந்தன?

2022 நவம்பரில், பிரிட்டனின் மேற்கில் வெல்ஷ் மொழி பேசப்படும் வேல்ஸ் நாட்டின் மிக உயரமான மலை செய்தியில் வந்தது. 1085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடன் மலையை இனி 'அர் உய்த்வா' என்றும், ஸ்னோடோனியா வட்டாரத்தை 'எரரி' என்றும் அழைப்பதாகத் தேசியப் பூங்கா ஆணையம் முடிவெடுத்தது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்தப் பெயர்கள்தான். ஐந்து மாதம் கழித்து, 2023 ஏப்ரல் 17 அன்று, தெற்கே உள்ள பிரெக்கன் பீக்கன்ஸ் பூங்காவும் 'பன்னை ப்ரஹைனியோக்' என்ற பெயருக்கு மாறியது.

படித்த பலருக்குக் குழப்பம். வாயில் நுழையாத பெயரைப் புதிதாக எதற்கு வைக்கிறார்கள்? இது ஆங்கிலத்தின் வட்டார வழக்கா, வேறு மொழியா? ஒரே நாட்டுக்கு வேல்ஸ் என்றும் கம்ரி என்றும் ஒட்டே இல்லாத இரண்டு பெயர்கள் எப்படி வந்தன? இந்தக் கேள்விகளுக்கு விடை வெல்ஷ் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெயர்களில் எதுவும் புதிதில்லை. எல்லாமே பழையவை. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பழமை தானாகத் தெரியும்.

ஒரு குறிப்பு: வெல்ஷ் சொற்களை இங்கே காதில் விழும் ஒலிக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறது. அம்மொழியில் ஓர் எல் எழுத்து இரட்டித்து வந்தால் அது தனி ஒலி. நாக்கை 'ல்' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊதினால் அது வரும். அதை 'ஹ்ல' என்று எழுதியிருக்கிறது.

முதலில், இது எந்த மொழி?

வெல்ஷுக்கு அம்மொழியிலேயே பெயர் 'கம்ரேக்'. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பம். இது கெல்டிக் குடும்பம். ஆங்கிலோ-சாக்சன் மக்கள் பிரிட்டனுக்குள் வருவதற்கு முன்பே அந்தத் தீவின் பெரும்பகுதியில் பேசப்பட்ட பிரித்தானிக் மொழியின் வழிவந்தது. அதே தாய்க்குப் பிறந்த இன்னும் இரண்டு மொழிகள் உண்டு: இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்னிஷ், கடல் தாண்டிப் பிரான்சின் வடமேற்கில் பிரெத்தோன். ஐரிஷும் ஸ்காட்டிஷ் கேலிக்கும் ஒன்றுவிட்ட உறவு.

உறவு என்று வாயால் சொன்னால் போதாது, ஒலியில் காட்ட வேண்டும். இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதவு திறந்துவிடும்.

1. ஐரிஷில் 'க' வரும் சில சொற்களில் வெல்ஷில் 'ப' வரும். மகன் ஐரிஷில் 'மாக்', வெல்ஷில் 'மாப்'. தலை அங்கே 'க்யான்', இங்கே 'பென்'. நான்கு அங்கே 'கஹிர்', இங்கே 'பெட்வார்'. மூல மொழியில் இருந்த 'க்வ' என்ற ஒலியை ஐரிஷ்காரர்கள் தொண்டைப் பக்கமும் வெல்ஷ்காரர்கள் உதட்டுப் பக்கமும் இழுத்துக்கொண்டார்கள்.

2. லத்தீனிலும் ஐரிஷிலும் சொல்லின் தொடக்கத்தில் 'ச' இருந்தால் வெல்ஷில் பெரும்பாலும் 'ஹ'. சூரியன் லத்தீனில் 'சோல்', வெல்ஷில் 'ஹைல்'. உப்பு லத்தீனில் 'சால்', வெல்ஷில் 'ஹாலென்'. 'பழைய' என்பதற்கு ஐரிஷில் 'ஷான்', வெல்ஷில் 'ஹேன்'. இந்த இரண்டாவது விதி பின்னால் ஒரு புகழ்பெற்ற சொல்லுக்குத் தேவைப்படும்.

முதல் விதிக்கு நமக்குப் பழக்கமான ஒரு சொல்லே சாட்சி. வெல்ஷில் 'பொபி' என்றால் அடுப்பில் வைத்துச் சுடுவது, ரொட்டி சுடுவது. மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் இதன் வேர் 'பெக்வ்' என்பது போல இருந்தது. சமஸ்கிருதம் முதல் 'ப'வை அப்படியே வைத்துக்கொண்டு 'பச்' என்றது. அதிலிருந்து வந்த 'பாகம்' தான் நாம் நல்ல சமையலைச் சொல்லும் நளபாகத்தில் இருக்கிறது. லத்தீன் மொழியோ இரண்டு மெய்களையும் 'க' பக்கம் கொண்டுபோனது. ஆங்கிலத்தின் 'குக்' அந்த வழியில் வந்தது. வெல்ஷில் இரண்டும் உதட்டுக்கு வந்து 'பொபி' ஆனது. நளபாகத்துக்கும் வேல்ஸின் ரொட்டிக்கும் வேர் ஒன்று.

இரண்டு பெயர்கள்: யார் அந்நியர்?

'வேல்ஸ்' வெளியிலிருந்து வைத்த பெயர். பழைய ஆங்கிலத்தில் 'வெயால்ஹ்' என்றால் அந்நியன், வேறு மொழி பேசுகிறவன். பின்னர் அடிமை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானிய மக்கள் தங்களுக்கு அருகில் வாழ்ந்த வோல்கை என்ற கெல்டிக் குடியின் பெயரை எல்லா அயலாருக்கும் பொதுப்பெயராக ஆக்கிக்கொண்டதில் பிறந்த சொல் அது. பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா, இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள பின்பாதி எல்லாம் இதே வேர். 'வால்நட்' கூட 'அயலார் கொட்டை' தான்.

'கம்ரி' உள்ளிருந்து வந்த பெயர். பிரித்தானிக் மொழியில் 'கொம்ப்ரொகி' என்றிருந்ததன் தேய்ந்த வடிவம். 'கொம்' என்றால் கூட, சேர்ந்து. 'ப்ரொக்' என்றால் நாடு, எல்லை. ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று பொருள். அந்த 'ப்ரொக்' இன்றைய வெல்ஷில் 'ப்ரோ' என்று, சொந்த வட்டாரத்தைக் குறிக்கும் சொல்லாக உயிரோடு இருக்கிறது. நாட்டுக்கும் மக்களுக்கும் நெடுங்காலம் ஒரே சொல்தான். எழுத்தில் ஓர் உயிரெழுத்தை மாற்றி இரண்டையும் பிரித்தது பிற்காலத்தில். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் கம்ப்ரியாவும் இதே பெயர்தான். அங்கேயும் ஒரு காலத்தில் இம்மொழிதான் பேசப்பட்டது.

ஆக, பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை அந்நியர் என்றார்கள்; முன்னால் இருந்தவர்கள் தங்களை உடன்நாட்டார் என்றார்கள். பெயர் குறித்த இன்றைய செய்திகளின் அடியில் ஓடுவது இதுதான்.

சொல்லின் தலை ஏன் மாறுகிறது?

வெல்ஷ் கற்கத் தொடங்கும் யாரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. அகராதியில் தேடிய சொல் கிடைக்காது, ஏனென்றால் முதலெழுத்தே மாறியிருக்கும். இதைத் திரிபு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வகை:

1. மென்திரிபு. ஒன்பது மெய்கள் இதில் மாறும். 'ம' 'வ' ஆகும், 'ப' குரலேறி 'ப3'வாக ஒலிக்கும் ('தம்பி'யில் வரும் ஒலி), 'க' குரலோடு ஒலிக்கும் 'க3'வாகும் ('தங்கம்' என்பதில் வரும் ஒலி). ஏற்கெனவே அப்படி ஒலிக்கும் 'க3' ஒரேயடியாகக் காணாமல் போகும். 'மெர்ஹ்' என்றால் பெண். 'அந்தப் பெண்' என்றால் 'அ வெர்ஹ்'.

2. மூக்குத்திரிபு. ஆறு மெய்கள் மூக்கொலியாகும். தலைநகர் கார்டிஃபுக்கு வெல்ஷில் 'கைர்தீத்'. 'கார்டிஃபில்' என்று சொல்ல வேண்டுமானால் 'அங் ங்ஹைர்தீத்'.

3. உரசுதிரிபு. மூன்று மெய்கள் மட்டும். 'க' தொண்டையில் உரசும் 'ஹ' ஆகும்.

பூனைக்கு 'காத்' என்று பெயர். 'என் பூனை' என்னும்போது அது 'ங்ஹாத்'. 'அவன் பூனை' என்றால் க3 ஒலியோடு, 'அவள் பூனை' என்றால் 'ஹாத்'. இதில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் பூனைக்கு முன்னால் வரும் சொல் ஒன்றேதான். பூனை அவனுடையதா அவளுடையதா என்பதைப் பூனையின் முதலெழுத்துதான் சொல்கிறது.

தமிழ் தெரிந்தவருக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. கல், பகல், தங்கம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் 'க' தான், ஆனால் மூன்றும் மூன்று ஒலி. உயிர்களுக்கு நடுவே வரும்போது மெலிகிறது, மூக்கொலிக்குப் பின்னால் குரலேறுகிறது. நாம் ஒலியை மாற்றுகிறோம், எழுத்தை மாற்றுவதில்லை. வெல்ஷ்காரர்கள் எழுத்தையும் மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் மேலே அந்த க3வைக் காட்டத் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் எண் போட வேண்டியிருந்தது. பொன்னும் தாமரையும் சேர்ந்து பொற்றாமரை ஆகும்போது தாமரையின் தலை மாறுகிறதே, அதுவும் இதே வகைதான்.

காரணமும் அதேதான். பழைய பிரித்தானிக் மொழியில் பல சொற்கள் உயிரில் முடிந்தன. அந்த உயிருக்கும் அடுத்த சொல்லின் உயிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மெய் மெலிந்தது. பிறகு முதல் சொல்லின் கடைசி அசை தேய்ந்து உதிர்ந்துவிட்டது. மெலிவு மட்டும் நின்றுவிட்டது. இன்றைய மென்திரிபு பெரும்பாலும், உதிர்ந்துபோன ஓர் அசை இருந்த இடத்தின் தழும்பு.

இந்தத் திரிபு ஆங்கிலத்துக்குள்ளும் உறைந்துபோய்க் கிடக்கிறது. இரண்டாம் எலிசபெத் அரசியின் செல்ல நாய் இனம் கோர்கி. 'கோர்' என்றால் குள்ளம், 'கீ' என்றால் நாய். சேரும்போது 'கீ' மெலிந்து 'கோர்கி' ஆனது. ஆங்கிலத்தில் அந்த மெலிந்த ஒலியோடுதான் சொல்கிறார்கள். நாட்டுப்பண்ணின் தலைப்பில், நான்கே சொற்களில், இரண்டு திரிபு: 'ஹேன் வ்லாட் வ ந்ஹடை', என் தந்தையரின் பழைய நாடு. நாட்டுக்கு 'க்வ்லாட்', மெல்லிய க உதிர்ந்து 'வ்லாட்' ஆகிவிட்டது. தந்தையருக்கு 'டடை', 'என்' வந்ததும் 'ந்ஹடை' ஆகிவிட்டது. முதலில் நிற்கும் 'ஹேன்', மேலே இரண்டாம் விதியில் பார்த்த அதே 'பழைய'.

ரோமானியர் விட்டுச்சென்றவை

ரோமானியப் படை பிரிட்டனைக் கைப்பற்றத் தொடங்கியது கி.பி. 43இல். ஆட்சி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. அந்த ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் புகுந்த லத்தீன் சொற்கள் இன்றும் வெல்ஷ் வீடுகளில் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன. பாலம் 'பொன்ட்', சன்னல் 'ஃபெனெஸ்ட்ர்', புத்தகம் 'ஹ்லிவ்ர்', பள்ளிக்கூடம் 'அஸ்கோல்', பாலாடைக்கட்டி 'கௌஸ்', திராட்சை மது 'க்வீன்'. ரோமானியர் கொண்டுவந்த பொருளுக்கு அவர்கள் பெயரே நின்றது, அதில் வியப்பில்லை.

வியப்பு எங்கே என்றால் குழந்தையில். வெல்ஷில் குழந்தைகள் 'ப்லான்ட்'. ஆங்கிலத்தில் செடிக்குச் சொல்வது போலவே இருக்கிறதே என்றால், ஆம், அதே சொல்தான். லத்தீனில் 'ப்லான்டா' என்றால் நடுவதற்கான தளிர், கன்று. வெல்ஷில் அது பிள்ளைகளைக் குறிக்கத் தொடங்கியது. ஐரிஷ்காரர்களும் இச்சொல்லை வாங்கினார்கள். அவர்கள் வாயில் அப்போது 'ப' ஒலியே கிடையாது, அதனால் 'க' போட்டு 'க்லான்' என்றார்கள். பிள்ளைகள், வழித்தோன்றல்கள் என்று பொருள். ஸ்காட்லாந்துக் குலங்களைச் சொல்லும் 'க்ளான்' இதுதான். நடவுக்கன்று ஓரிடத்தில் பிள்ளையாகவும் இன்னோரிடத்தில் குலமாகவும் வளர்ந்திருக்கிறது. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. நாம் பிள்ளையிலிருந்து கன்றுக்குப் போனோம், அவர்கள் கன்றிலிருந்து பிள்ளைக்கு வந்தார்கள்.

இந்தச் சொல்லிலேயே இன்னொரு வழக்கமும் தெரியும். வெல்ஷில் பல பெயர்களுக்குப் பன்மைதான் அடிப்படை. ஒன்றைச் சொல்ல விகுதி சேர்க்க வேண்டும். 'ப்லான்ட்' குழந்தைகள், 'ப்லென்டின்' ஒரு குழந்தை. 'கோய்ட்' மரங்கள், 'கோய்டென்' ஒரு மரம். 'ஆடார்' பறவைகள், 'அடேரின்' ஒரு பறவை. கூட்டமாகக் கண்ணில் படுவதற்குக் கூட்டமாகவே பெயர் வைத்துவிட்டு, தனியாக ஒன்று வேண்டும்போது அதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

கிழமைகளும் ரோமானியர் தந்தவையே. ஆங்கிலத்தில் செவ்வாய் முதல் வெள்ளி வரை வடஐரோப்பியத் தெய்வங்களின் பெயர்கள் இருப்பதால் கிரக வரிசை மறைந்துவிட்டது. வெல்ஷில் மறையவில்லை. 'ஹ்லீன்' நிலா, 'மௌர்த்' செவ்வாய், 'மெர்ஹெர்' புதன், 'யை' வியாழன், 'க்வெனெர்' வெள்ளி, 'சாடுர்ன்' சனி, 'சீல்' ஞாயிறு. தமிழ்க் கிழமைப் பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏழும் அப்படியே பொருந்தும். பழைய உலகின் கிரக வாரம் மேற்கே வேல்ஸுக்கும் கிழக்கே நமக்கும் வந்து சேர்ந்ததன் விளைவு இது.

மாதப் பெயர்களில் சில லத்தீன், சில மண்ணின் சொற்கள். நவம்பருக்கு 'டாஹ்வெத்', கொல்லுதல் என்று பொருள். குளிர்காலத் தீனிக்கு வழியில்லாத ஆடுமாடுகளை வெட்டி இறைச்சியை உப்புப் போட்டு வைக்கும் மாதம். ஜூலை 'கோர்ஃபென்னாவ்', கோடை முடிவு.

ஊர்ப்பெயரைப் படிப்பது எப்படி

நான்கைந்து துண்டுகள் தெரிந்தால் வேல்ஸின் வரைபடத்தைப் பொருளோடு படிக்கலாம்.

1. 'அபெர்' என்றால் கழிமுகம் அல்லது ஆறு கூடும் இடம். அபெரிஸ்ட்வித், இஸ்ட்வித் ஆற்றின் முகத்துவாரம். ஸ்வான்சி நகருக்கு வெல்ஷில் அபெர்டவே, டவே ஆற்றின் முகத்துவாரம். ஸ்காட்லாந்தின் அபர்டீனிலும் இதே துண்டு இருக்கிறது.

2. 'கைர்' என்றால் கோட்டை. கார்டிஃப், டாஃப் ஆற்றங்கரைக் கோட்டை.

3. 'அவொன்' என்றால் ஆறு. இங்கிலாந்தில் ஏவன் என்று பல ஆறுகள் ஓடுகின்றன. வந்தவர்கள் 'இது என்ன' என்று கேட்டிருப்பார்கள், இருந்தவர்கள் 'ஆறு' என்று சொல்லியிருப்பார்கள். அதுவே பெயராக நின்று, இன்று 'ஆறு ஆறு' என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

4. 'ஹ்லான்' என்றால் இன்று தேவாலயம் உள்ள ஊர். ஆதியில் வேலி போட்ட நிலம். ஆங்கிலத்தின் 'லேண்ட்' இதற்கு உறவு. பழைய பொருள் இன்னும் சில கூட்டுச்சொற்களில் இருக்கிறது: 'க்வின்ஹ்லான்' திராட்சைத் தோட்டம், 'கோர்லான்' ஆட்டுப்பட்டி. ஆட்டுக்கு வேலி கட்டிய சொல்லே துறவிகளின் வளாகத்துக்கும் ஆகி, பிறகு அதனுள் எழுந்த கோயிலுக்கும் ஆனது.

மரியாளின் பெயர் வெல்ஷில் 'மைர்'. 'ஹ்லான்' பெண்பால் சொல், பின்னால் வருவதை மெலிய வைக்கும். 'மைர்' 'வைர்' ஆகி, ஹ்லான்வைர். வேல்ஸ் முழுக்க இந்தப் பெயரில் ஊர்கள். ஆங்கிலீசித் தீவில் உள்ள ஹ்லான்வைர்தான் 58 ஆங்கில எழுத்து நீளப் பெயரால் உலகப் புகழ் பெற்றது. வெல்ஷ் கணக்கில் எழுத்து 51தான், ஏனென்றால் இரட்டை எல்லும், சி-எச் சேர்ந்து வருவதும் அங்கே ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. அந்த முழு நீளப் பெயர் பண்டையது அல்ல. 1860களில் ரயில் பயணிகளை ஈர்ப்பதற்காக நீட்டப்பட்டது. ஆனாலும் துண்டு துண்டாக அது உண்மையான வெல்ஷ்தான்: வேகச் சுழலுக்குப் பக்கத்தில், வெள்ளை ஹேசல் மரங்கள் நிற்கும் பள்ளத்தில் உள்ள மரியாள் கோயில், செங்குகை அருகே புனித துசிலியோ கோயில். வேடிக்கைக்காக அதைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் ஒருமுறையாவது அந்தக் காட்சியையும் பார்க்க வேண்டும்: பள்ளம், மரம், சுழல், குகை. ஒரு நிலத்தின் வரைபடமே பெயராக எழுதியிருக்கிறது.

மறுபடி அந்த மலைகளுக்கு

ஸ்னோடன், பழைய ஆங்கிலத்தில் பனிக்குன்று. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர். 'அர் உய்த்வா' என்றால் சமாதி மேடு. ரீட்டா என்ற அரக்கன் அரசர்களைத் தோற்கடித்து அவர்கள் தாடிகளை அறுத்துத் தனக்கு மேலங்கி தைத்துக்கொண்டான், பழங்கதை மன்னன் ஆர்தர் அவனைக் கொன்றான், அவன் மேல் குவித்த கற்களே உச்சியில் இருப்பவை என்பது நாட்டார் கதை. ஆங்கிலப் பெயரில் வானிலை இருக்கிறது, வெல்ஷ் பெயரில் கதை இருக்கிறது.

'எரரி' என்ற பெயரைக் கழுகுகளின் இருப்பிடம் என்று நெடுங்காலம் விளக்கி வந்தார்கள், 'எரிர்' என்றால் கழுகு என்பதால். அழகான விளக்கம், ஆனால் மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. உயர்ந்த நிலம், மேட்டுநாடு என்பதே பொருள் என்கிறார்கள். எழுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு இதற்கு உறவு.

'பன்னை' என்றால் சிகரங்கள். 'ப்ரஹைனியோக்', ப்ரஹான் என்ற ஐந்தாம் நூற்றாண்டு அரசன் பெயரால் அமைந்த நாடு. ப்ரஹானின் நாட்டுச் சிகரங்கள். ஆங்கிலத்தின் 'பீக்கன்ஸ்' என்றால் மலைமேல் மூட்டும் அடையாளத் தீ. பெயரை விட்டதற்கு ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று, கரியைக் கக்கும் தீச்சட்டி இயற்கையைக் காக்கும் பூங்காவுக்குப் பொருந்தாது என்பது. அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் 'சிகரங்கள்' என்று சொல்லும் பெயரே அந்த நிலத்துக்குப் பொருத்தம்.

இணையத்தில் சுற்றும் சொற்கள்: எது உண்மை?

மொழிபெயர்க்கவே முடியாத சொற்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் வெல்ஷிலிருந்து தவறாமல் எடுப்பது 'ஹிராய்த்'. ஊர் நினைவு, பிரிந்தவர் மேல் ஏக்கம், திரும்பிப் போக முடியாத காலத்தின் மேல் ஏக்கம் எல்லாம் அதில் அடங்கும். 'ஹீர்' என்றால் நெடிய. பின்னால் உள்ளது வலியைக் குறிக்கும் 'ஆய்த்', எனவே 'நெடிய வலி' என்று ஒரு விளக்கம் பரவியிருக்கிறது. ஆனால் பழைய ஐரிஷில் ஏக்கத்துக்கு 'ஷீரெஹ்ட்' என்று ஒரு சொல் உண்டு. 'ச' 'ஹ' ஆகும் இரண்டாம் விதியைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அப்படியானால் இது வெல்ஷுக்குள் இரண்டு சொல்லை ஒட்டிச் செய்த கூட்டு அல்ல. ஐரிஷும் வெல்ஷும் பிரிவதற்கு முன்பே இருந்த சொல். நீளத்திலிருந்து பிறந்த ஏக்கம் என்ற அளவில் பொருள் மாறாது. இந்த விளக்கமே நம்பத்தக்கது.

அச்சொல்லைப் பயன்படுத்தும் விதம் இன்னும் முக்கியம். 'எனக்கு ஏக்கம்' என்பதற்கு வெல்ஷில் 'ஏக்கம் என் மேல் இருக்கிறது' என்பார்கள். பயமும் சளியும்கூட அப்படித்தான், ஆள் மேல் வந்து அமரும். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று நாமும் சொல்கிறோம். அங்கே ஆள் எதையும் செய்வதில்லை, அவருக்கு அது நேர்கிறது.

'ஹுயில்' இன்னொரு நல்ல சொல். முதற்பொருள் பாய்மரத் துணி. காற்றுப் பிடித்த பாயைப் போல மனம் விரிவதும் ஹுயில்தான். பிரசங்கி ஆவேசம் ஏறி ராகமாகப் பேசுவதும் ஹுயில், கொண்டாட்டமும் ஹுயில். 'நல்ல பாய்களில் இருக்கிறான்' என்றால் நல்ல மனநிலையில் இருக்கிறான். விடைபெறும்போது 'ஹுயில் வௌர்', பெரிய ஹுயில். பெரியதற்கான 'மௌர்' இங்கே 'வௌர்' ஆகியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

'குட்ச்' என்றால் இறுக்கி அணைப்பது. வேல்ஸின் உயிர்ச்சொல் என்று கொண்டாடுவார்கள். வேர் வெல்ஷ் கிடையாது. ஆங்கிலத்தின் 'கவுச்' வழியாக வந்தது, அதற்கும் முன்னால் பிரெஞ்சு. தென்வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்து 'குட்ச்', நிலக்கரி போட்டு வைக்கும் மூலை 'குட்ச் க்லோ'. ஒண்டிக்கொள்ளும் இடம் அணைப்பாக மாறியது. கடன் வாங்கிய சொல்லென்றால் மதிப்புக் குறைவு என்று நினைக்கத் தேவையில்லை. அந்தக் கதகதப்பை ஏற்றியது வேல்ஸ்தான்.

மைக்ரோவேவ் அடுப்புக்கு 'பொப்டி பிங்' என்பது வேடிக்கையாகத் தொடங்கிய பெயர், அதிகாரச் சொல் அல்ல. ஆனால் 'பொப்டி' நிஜம். ரொட்டி சுடும் 'பொபி', வீட்டைக் குறிக்கும் 'டீ', சேர்ந்தால் அடுப்பு. சரியான சொல் 'மைக்ரொடொன்'. அலைக்கு 'டொன்', முன்னால் ஒட்டு வந்ததும் முதலெழுத்து மெலிகிறது. நுண்ணலை, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல்களில் அதிகம் வராத ஒன்று: வண்ணத்துப்பூச்சிக்கு 'க்லோயின் பியூ', உயிருள்ள தணல். கரும்புள்ளிச் சிவப்புப் பொறிவண்டுக்கு 'குட்டையான சிவப்புப் பசு'.

புதுச்சொல் செய்யும் பட்டறை

1536ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்திலும் ஆட்சியிலும் ஆங்கிலத்தை மட்டும் வைத்தது. 1588இல் வந்த வெல்ஷ் விவிலியம் எழுத்து மொழியைக் காப்பாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை மாட்டினார்கள். 'வெல்ஷ் நாட்' என்று அதற்குப் பெயர். 2011இல்தான் மொழிக்கு அதிகாரத் தகுதி சட்டத்தில் உறுதியானது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் பேசுவோர் சுமார் 5,38,000 பேர், 17.8 சதவீதம். 2050க்குள் பத்து லட்சம் என்பது அரசின் இலக்கு.

அலுவலகம், பள்ளி, சாலை எல்லாவற்றிலும் மொழி வர வேண்டுமானால் சொல் வேண்டும். மின்சாரத்துக்கு 'ட்ரடான்', 'டான்' என்றால் தீ. குளிர்பெட்டிக்கு 'ஓயர்கெஹ்ல்', குளிர் அறை. போலீசுக்கு 'ஹெத்லீ', அமைதிப் படை. செல்ஃபிக்கு 'ஹின்லின்', தன்படம். கணினிக்கு 'கவ்ரிவ்யாடிர்': எண்ணைக் குறிக்கும் 'ரீவ்', அதற்கு முன்னால் 'கவ்', எண்ணுவது என்ற வினை, அதைச் செய்யும் கருவி. கணிப்பதிலிருந்து கணினி செய்த நமக்கு இந்தப் பட்டறையின் வேலை நன்றாகவே புரியும்.

2008இல் ஸ்வான்சியில் கனரக வண்டிகளுக்கு வழியில்லை என்று ஒரு சாலைப்பலகை வைக்க வேண்டியிருந்தது. ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். பதில் வந்ததும் அதை அப்படியே பலகையில் அச்சிட்டு நட்டுவிட்டார்கள். வந்தது தானியங்கிப் பதில். 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டிய வேலை இருந்தால் அனுப்புங்கள்' என்று சாலையோரத்தில் வெல்ஷில் நின்றது. வெல்ஷ் படிக்கத் தெரிந்தவர்கள் சொன்ன பிறகு பலகை இறங்கியது. அதில் மொழிபெயர்ப்பதற்கு இருந்த சொல் 'கவ்யைத்தி'. 'யைத்' என்றால் மொழி. முன்னால் இருக்கும் 'கவ்' கணினியில் வந்த அதே துண்டு, சேர்ந்து, கூட என்று பொருள். பழைய பிரித்தானிக்கில் அது 'கொம்', கம்ரியின் தலையில் இருப்பதும் அதுதான்.